காலிமனையில் அடர்வனமா, நிழல்மரங்களா?

கொரட்டூர்வாசி:
எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனையொன்று முட்புதர் மண்டிக் கிடக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஒரு தரப்பினர் அங்கு மியாவாக்கி முறையில் (மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுச் சிறு காடு உருவாக்கும் முறை) அடர்வனம் வளர்க்கலாம் என்கின்றனர். முதியோர் மாலையில் வந்து அமர முடியாத காடு எதற்கு என்று மறுதரப்பினர் கேட்கின்றனர். கோடை வெப்பத்தைத் தணிப்பதோடு வர்தா போன்ற புயலையும் தாங்கக்கூடியது எது என்று, அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வேர்மண்:
சென்னையின் மே மாதத்தில் நம்மை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமன்று. நேரடி வெயிலும், சூடேறிய தார்ச்சாலையும் சுவர்களும் உமிழும் அனலும் சேர்ந்தே உடலைத் தாக்குகின்றன. இலைகள் நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விப்பது உண்மையே எனினும், ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரத்தில் அதனால் உடல் உணரும் ஆறுதல் குறைவு. ஆகவே இங்கு மரத்தின் முதற்பயன் நிழல்தான். அந்நிழல் மனிதர் நடக்கும் இடத்தில் விழ வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் நடப்படும் அடர்வனம் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் நல்ல புகலிடம். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு ஒரு புங்கமரம் செய்யும் உதவியை அது செய்யாது.

கிண்டிக்காரன்:
உள்ளே நடக்க இயலாத காட்டினால் மனிதருக்குப் பயனில்லை என்பதுபோல் ஒலிக்கும் இக்கருத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பென்சில்வேனியா மருத்துவமனையொன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். (மொத்தம் 46 நோயாளிகள்தாம் என்பதால் அதன்மேல் கோட்டை கட்டிவிடவும் கூடாது.) என் தயக்கம் வேறு. மியாவாக்கி முறையின் உயிர்நாடி அந்தந்த மண்ணுக்குரிய இயற்கைக் காடு. நம் கடற்கரைச் சமவெளிக்குரியது, கிண்டி தேசியப் பூங்காவில் எஞ்சி நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. அதன் வீரையும் உலக்கைப்பாலையும் மெதுவாகவே வளர்பவை. விரைவில் பச்சை தெரியவேண்டும் என்பதற்காக நாற்றங்காலில் கிடைத்ததையெல்லாம் நெருக்கி நட்டால், அது காடாகாது.

வேர்மண்:
நாற்று பற்றிய தங்கள் கருத்து சரியே. புயலைப் பொறுத்தவரை, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது குல்மோகரும் பெருங்கொன்றையும் பெருமளவில் சாய்ந்ததைக் கண்டு, அயல்மரம் என்பதே காரணம் என்று பலரும் முடிவு கட்டினர். அது பாதி உண்மை. வடிகாலுக்கும் கம்பிவடத்துக்கும் தோண்டும்போது பக்கவேர்களை வெட்டி, அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசிவிட்டால் வேம்பும்கூட நிற்காது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்துவிடுமாறு 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டதும் இக்காரணம் பற்றியே. எனவே மனையின் ஓரமாக அடர்வனப் பட்டை ஒன்றும், நடைபாதை நெடுகப் புங்கம், மகிழம், பூவரசு ஆகியவற்றைத் தாராள இடைவெளியுடனும் வைக்கலாம்.

கொரட்டூர்வாசி:
நன்றி ஐயா. முதல் இரண்டு, மூன்று கோடைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை முடிவு செய்த பின்னரே கன்று வாங்குவது என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழிகிறேன்.