ஹூடினியின் நம்பிக்கைக்குரியவர்கள்: டோரதி யங்கும் ஜிம் காலின்ஸும்

நண்பர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சி மாநிலத்தின் மாடிசன் நகரில் உள்ள ட்ரூ பல்கலைக்கழகத்துக்கு மாணவர் நாடகம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். அங்குள்ள கலை மையத்துக்கு டோரதி யங் என்பவரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கொடையளித்த செல்வந்தர் என்று நினைத்துக் கடந்துபோக இருந்த என்னிடம், அருகில் அமர்ந்திருந்த முதியவர், இவர் பூட்டு, சங்கிலி, பெட்டிகளிலிருந்து தப்பிக்கும் வித்தைகளால் உலகப் புகழ்பெற்ற மாய வித்தைக்காரர் ஹூடினியின் மேடை உதவியாளராக இருந்தவர் என்றார். அன்றிலிருந்து டோரதியைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் ஆர்வத்தோடு படித்து வருகிறேன்.

1907இல் பிறந்த டோரதி, ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகள். 17 வயதில், ஹூடினியின் மேடை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்க நியூயார்க்கில் நடந்த தேர்வுக்குச் சென்று, கூச்சத்தால் பின்வரிசையில் ஒதுங்கியிருந்தவரை அழைத்துச் சார்ல்ஸ்டன் நடனம் ஆடச் சொன்னார்கள். ஆடியதுமே வேலை கிடைத்தது. மேடைக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரை ஹூடினியே பேசிச் சம்மதிக்க வைத்தார். மேடையில் ஒரு மேசைமீது பெரிய வானொலிப் பெட்டி இருக்கும். ஹூடினி அதைத் திறந்து உள்ளே கம்பிச் சுருள்கள் மட்டுமே இருப்பதைக் காட்டி, மூடி, குமிழைத் திருகுவார்; அடுத்த கணம் மேல்மூடி திறக்க, டோரதி எழுந்து வந்து கீழே இறங்கி ஆடுவார். 1926இல் ஹூடினி இறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு டோரதி குழுவிலிருந்து விலகினார். பின்னர் கில்பர்ட் கியாமியுடன் இணை நடனக் கலைஞராகப் புகழ்பெற்று அவரையே மணந்தார். 2011இல் 103 வயதில் மறைந்தபோது, ஹூடினியின் மேடைக் குழுவில் எஞ்சியிருந்த கடைசி நபர் அவர்தான். ஓராண்டு வேலைதான், ஆனாலும் எட்டுப் பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஹூடினியைப் பற்றி அவர் அன்போடு பேசினார் என்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது.

---

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நான் மேடைப் பொருள்கள் செய்யும் தச்சன். ஆகவே என் மனம் ஜிம் காலின்ஸிடமே போகிறது. தச்சும் இயந்திர வேலையும் கைவந்த அவர், ஹூடினியிடம் நீண்ட காலம் தலைமை உதவியாளராக இருந்தார். ஹூடினி தம் உதவியாளர்களிடம் இரகசியம் காப்பதாக உறுதிமொழி வாங்கிக்கொண்ட பின்பே வேலையில் சேர்த்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் வித்தைக்காரர் ஒருவருக்குப் பெட்டி செய்து கொடுத்தேன். பார்வையாளர் மேடையேறித் தட்டிப் பார்த்தாலும், குலுக்கிப் பார்த்தாலும் சாதாரணப் பெட்டியாகவே தெரிய வேண்டும். உள்ளிருப்பவருக்கோ கை வைத்த இடத்தில் வழி கிடைக்க வேண்டும். பொருத்து ஒரு நூலளவு பிசகினாலும் உயிருக்கு ஆபத்து என்பதால், ஒத்திகையின்போது அவரைவிட எனக்கே அதிகமாக வியர்த்தது. அதை எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் காலின்ஸின் இடம் எனக்கு விளங்கியது. 1912இல் பெர்லினில் ஹூடினி அரங்கேற்றிய நீர்வதைப் பெட்டி என்னும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி முகப்புள்ள பெட்டியில், கால்கள் பூட்டப்பட்டுத் தலைகீழாக அவர் மூழ்கியிருக்க, திரைக்கு வெளியே கண்ணாடியை உடைக்கக் கோடரியோடு உதவியாளர் காத்து நிற்பார். 1926 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷெல்டன் ஹோட்டல் நீச்சல் குளத்தில், காற்றுப் புகாமல் அடைத்த உலோகப் பெட்டிக்குள் ஹூடினி 91 நிமிடம் இருந்தபோது, தொலைபேசி வழியாக அவரோடு தொடர்பில் இருந்தவர் காலின்ஸ். உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர், வெளியே இருப்பவர் சொல்லும் நேரத்தை நம்பித்தான் இன்னும் தாக்குப்பிடிப்பதா, வெளிவருவதா என்று முடிவெடுக்க முடியும்.

அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் ஹூடினி இறந்தார். மேடைக் கருவிகள் அவருடைய தம்பி ஹார்டீனிடம் சென்றன. அவற்றின் உட்பக்கம் அறிந்த காலின்ஸும் அவரிடமே பணியைத் தொடர்ந்தார்.