ஆச்சி வீடு – பாளையங்கோட்டை

வடிவு அத்தை: (படம்)

வடிவு அத்தை: அம்மா வைத்த செம்பருத்தி. நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. மொட்டு விரியாமலே உதிருகிறது. திதிக்கு இன்னும் 12 நாள்தான். அம்மா படத்துக்கு இந்தப் பூதான் வைக்க வேண்டும்.

பெரியப்பா: வெட்டிப் போடு வடிவு. வேறு வைக்கலாம்.

வடிவு அத்தை: கிணற்றடி முருங்கைக்கும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே.

செந்தில் அண்ணன்: முருங்கை வேண்டாம் அத்தை 🙏 வேன் 12 சீட்டா 17 சீட்டா?

சித்தப்பா: அக்கா, வெட்டாதே. அது மாவுப்பூச்சி. அக்னி நட்சத்திர வெயிலில் மழையும் இல்லையென்றால் நன்றாகப் பெருகும். அடித்தண்டைப் பார், எறும்பு ஏறுகிறதா? பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். இலை பிசுபிசுவென்று இருந்து கறுத்திருந்தால் அதே இனிப்பில் வளர்ந்த பூசணம்.

வடிவு அத்தை: ஆமாம் தம்பி, சாரை சாரையாக எறும்பு. கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், நெடி தாங்கவில்லை. இன்னும் அடிக்கவில்லை.

சித்தப்பா: அடிக்கவே வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எதையும் விடவில்லை. மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடும் மருந்து அந்த மாதிரி நல்ல பூச்சியைத்தான் முதலில் கொல்லும்.

பெரியப்பா: சரி, என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்.

சித்தப்பா: மோசமான நுனிகளை மட்டும் வெட்டி, பையில் கட்டிப் போடு. குழாயை வேகமாகத் திறந்து இலைக்கு அடியில் பீய்ச்சு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலைக்கு அடியிலும் படும்படி அடி. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும். 7 நாள் கழித்து மறுபடி. யூரியா போடாதே, இளந்தளிர் வந்தால் பூச்சிக்கு விருந்து.

வடிவு அத்தை: பீய்ச்சத் தண்ணீர் எங்கே? மோட்டார் ஓடி இரண்டு மாதம் ஆகிறது. எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

மீனா: அத்தை, படத்தில் இடது பக்கம் பெரிதாக ஒன்று வெள்ளையாக இருக்கிறதே, அதுவும் அதேதானா?

சித்தப்பா: நல்ல கண் மீனா! தொட்டுப் பார் அக்கா. வேகமாக நகர்ந்தால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி போலவே வெள்ளை இழை போர்த்திக்கொண்டு அதையே தின்னும். அது இருக்கும் கிளையில் எதையும் அடிக்காதே.

வடிவு அத்தை: ஓடுகிறது தம்பி!! இரண்டு இருக்கிறது. ஒன்று முட்டைப் பஞ்சுக்குள் தலையை விட்டுத் தின்கிறது.

மீனா: ❤️ சித்தப்பா, என் பால்கனி மிளகாய் இலையும் சுருண்டிருக்கிறது.

சித்தப்பா: மேலே சுருண்டிருக்கிறதா, கீழேயா?

மீனா: மேலே.

சித்தப்பா: இலைப்பேன். கீழே என்றால் சிலந்திப்பேன். உனக்கும் வேப்பெண்ணெய்தான்.

செந்தில் அண்ணன்: வேன்?

பெரியப்பா: மோட்டாருக்கு எவ்வளவு ஆகும் வடிவு?

வடிவு அத்தை: ஆளைக் கூப்பிட்டால்தானே தெரியும்.

பெரியப்பா: கூப்பிடு. நான் அனுப்புகிறேன்.

சித்தப்பா: அண்ணே, பாதி நான் தருகிறேன்.

பெரியப்பா: அதை நேரில் பேசிக்கொள்ளலாம். பூ வராவிட்டால் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

வடிவு அத்தை: அடிக்கொம்பில் மூன்று மொட்டு சுத்தமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் பொறிவண்டுக் கிளையை விட்டுவிட்டு அடிக்கிறேன்.

செந்தில் அண்ணன்: 17 சீட்டே சொல்லிவிடுகிறேன். மதுரைச் சித்தி வருவாரா, யாராவது கேட்டீர்களா?