மறு: 'சப்போர்ட்டிவ் ஹவுசிங்': தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

எல்லா மடல்களையும் படித்துவிட்டேன். 'சப்போர்ட்டிவ் ஹவுசிங்' என்றால், வீடில்லாதவருக்கு நிரந்தர வீட்டையும் அவருக்கு வேண்டிய உதவியையும் சேர்த்துக் கொடுப்பது. நம் கையேட்டில் அதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். இந்தக் கையேடு வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் காப்பகப் பணியாளர்கள், சுகாதார ஊழியர்கள் கைக்குத்தான் போகப்போகிறது. அகராதியில் எடுப்பாக இருக்கிறதா என்பது அப்புறம். தங்கசாலை நடைபாதையில் ஒரு அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> "ஆதரவு இல்லம்" போதுமே. எளிது, புழக்கத்திலும் இருக்கிறது.

புழக்கத்தில் இருப்பதுதான் தொல்லை, ஐயா. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், ஆதரவற்றோர் இல்லம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இல்லம் என்றாலே பெயர்ப்பலகை, வார்டன், எட்டு மணிக்குப் பூட்டும் கேட். கல்யாணப் பத்திரிகையில் போடுவோமே தவிர, பேச்சில் நம் வீட்டை நாம் இல்லம் என்பதில்லை. 'காப்பகம்' என்பதும் ஆகாது. அது ஏற்கெனவே மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்களுக்கு உரிய பெயர். நகர மக்கள் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்று விதி வகுத்து நடப்பவை அவை. அங்கே கிடைப்பது படுக்க இடம். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு.

> "மறுவாழ்வு வீடு" என்றால் நோக்கமும் விளங்கும்.

விளங்கும், ஆனால் தப்பாக. நம் ஊரில் மறுவாழ்வு என்றால் குடியை நிறுத்தும் மையம், இல்லாவிட்டால் முகாம். ஆள் திருந்திய பிறகு கிடைப்பது என்ற வாசனை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்ற அமைப்பு உடைத்தது அந்த வரிசையைத்தான். முதலில் குடியை விடு, மாத்திரையை ஒழுங்காகப் போடு, அப்புறம் வீடு பார்க்கலாம் என்று இருந்ததை மாற்றி, வீட்டை முதலில் கொடுத்தார்கள். மருத்துவ உதவி வீடு தேடி வரும். சிகிச்சை வேண்டாம் என்றாலும் வீடு போகாது. எல்லாத் திட்டங்களும் இவ்வளவு தாராளம் இல்லைதான். ஆனாலும் இருப்பவர் குடித்தனக்காரர், உள்நோயாளி இல்லை என்பதுதான் இந்த முறைக்கு ஆதாரம்.

> "நலவாழ்வு வீடு"? ஆய்வுகளே உடல்நலம் மேம்படுவதாகச் சொல்கின்றனவே.

இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2018-இல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டன. நிரந்தர வீட்டோடு உதவியும் சேர்த்துக் கொடுத்தால் ஆட்கள் திரும்பத் தெருவுக்குப் போவது குறைகிறது. இதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் உடல்நலம் மேம்படுகிறது என்பதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை, எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தைத் தவிர என்றது அந்த அறிக்கை. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயோடு வீடில்லாமலும் இருந்த 2000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் வீட்டோடு உதவியும் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு கொடுக்கப்பட்டவர்களில் கூடுதலானோர் வீட்டில் நிலைத்தார்கள். மனநோய் அறிகுறிகளோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தன.

இதைக் கேட்டு வீடு வீண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வருடக்கணக்கில் தெருவில் கெட்ட உடம்பு, ஓரிரு வருட ஆய்வுக்குள் தேறிவிடுமா? அந்த அறிக்கையே, வீடு இருந்தால்தான் கட்டுக்குள் வரும் நோய்கள் எவை என்று தனியாகப் பிரித்து ஆராயச் சொன்னது. நமக்கு அது புதிதில்லை. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இன்சுலினைச் சூடு படாமல் வைக்க வேண்டும். நடைபாதையை 'கிளியர்' செய்ய வண்டி வந்தால் பாய், பாத்திரத்தோடு மருந்துச் சீட்டும் போய்விடும். வீடு மருந்து இல்லை. மருந்து வேலை செய்ய ஓர் இடம். அதனால் நலவாழ்வைப் பெயரிலேயே வாக்குறுதியாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

> "துணைவீடு": இரண்டே சொல், அழகு!

அக்கா, இதை வண்ணாரப்பேட்டையில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'சின்ன வீடு' என்றுதான் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை உறுதுணை வீடு. திட்டத்தைச் சொல்லும்போது 'உறுதுணை வீட்டுவசதி'. வீடு என்ற சொல் முழுசாக நிற்கிறது, உதவி அடைமொழியாகத்தான் வருகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் தங்கும் இடைவழி இல்லம், பாதுகாப்பான தங்குமிடம், உதவியோடு கூடிய தங்குமிடம் என்று மூன்றைத் தனித்தனியாகச் சொல்கிறது. மூன்றுக்கும் 'இல்லம்' என்றே போட்டால் படிப்பவர் குழம்புவார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் குணமான பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் தங்கிப்போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் அவர்களுக்குப் பொருந்தும். 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்' என்ற மனநல அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் சாதாரணத் தெருக்களில் வீடு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்த்துக் குடிவைக்கிறது. அதற்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. வால்டாக்ஸ் ரோடு, யானைக்கவுனி பக்கம் தலைமுறைகளாகப் பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லை ஒட்டாதீர்கள். மூட்டை தூக்கி, வண்டி இழுத்து, பூக்கட்டிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கிறவர்களும் உண்டு. தொழிலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் போதும், ஊழியர் வந்து வாழக் கற்றுத்தர வேண்டியதில்லை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்தபோது சிக்கலானது தொழிலுக்கு இருக்கும் தூரம்தான். அமெரிக்க ஆய்வுகள் பெரும்பாலும் நோயோ ஊனமோ உள்ள தனியாட்களைப் பற்றியவை. கையேட்டின் நான்காம் பக்கத்தில் இந்தக் குடும்பங்களும் அந்தத் தனியாட்களும் கலந்திருக்கிறார்கள், பிரித்துவிடலாம்.

> சரி, உறுதுணை வீடு எனக்குச் சம்மதம். அங்கே வந்துபோகும் 'கேஸ் மேனேஜர்' யார்?

துணையாளர். வீட்டுக்கு வந்து உதவிகளை ஒழுங்கு செய்பவருக்கு அந்தப் பெயர் போதும். முன்வரைவில் 'வழக்கு மேலாளர்' என்று இருக்கிறது. அச்சுக்குப் போவதற்குள் எடுத்துவிடுங்கள். நம் பக்கம் கேஸ் என்றால் போலீஸ் கேஸ்தான். அந்தப் பெயரில் ஒருவர் வந்து கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.