ஃபிக்ஸி ஃப்ரேம் உடைஞ்ச கதை, வளைஞ்ச கதை இருந்தா இங்க கொட்டுங்க

ஈஸ்ட்கோஸ்ட்மாமா (சிங்கப்பூர்):

ஒரு தம்பி தனியா மெசேஜ் போட்டு கேட்டான், அண்ணே வேலைக்கும் ஓட்டிட்டு போகணும், சாயங்காலம் சோமர்செட் ஸ்கேட் பார்க்ல கொஞ்சம் ஆட்டமும் போடணும், ரெண்டுக்கும் தாங்குற மாதிரி ஒரே ஃபிக்ஸி (ஃப்ரீவீல் இல்லாம பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுத்துற சைக்கிள்) ஃப்ரேம் சொல்லுங்கன்னு. பிராண்டு பேர சொல்லிட்டு போயிடலாம். ஆனா ஃப்ரேம பத்தி எனக்கு தெரிஞ்சது எல்லாம் ஒண்ண உடைச்சு தெரிஞ்சுக்கிட்டது, அதனால அந்த கதையவே போடுறேன், நீங்களும் உங்க கதைய போடுங்க.

2010 வாக்குல, பாலிடெக்னிக் படிக்கிறப்ப, இங்க எங்க பார்த்தாலும் ஃபிக்ஸி தான். நானும் பார்ட் டைம் வேலை பார்த்த காசுல 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பழைய அலுமினியம் டிராக் ஃப்ரேம் எடுத்தேன். கருப்பு, தட்டையான அகல டியூப், சும்மா சுவத்துல சாய்ச்சு வச்சாலே பார்த்துக்கிட்டு இருக்கலாம். வெலோட்ரோம்ல (சைக்கிள் ரேஸ் மைதானம்) ஓட்டறதுக்குன்னு போட்ட டிசைன், 23 மில்லிமீட்டர் டயருக்கு மேல உள்ள நுழையாது, ஹெட் ஆங்கிள் 75 டிகிரி, அதாவது முன்பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், முன்சக்கரம் அவ்ளோ கிட்ட இருக்கும், மெதுவா திரும்பினா ஷூ நுனி டயர்ல உரசும், ஃபிக்ஸில பெடல் நிக்காதுல்ல, கால ஓரமா நிறுத்தி வச்சு திரும்பவும் முடியாது. நேரா போறதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. தப்பு என் மேல. அந்த ஃப்ரேம்ல போய் குதிக்க பழகினேன். முதல்ல கெர்ப், அப்புறம் மூணு படி, அப்புறம் எங்க புளோக் பக்கத்துல இருந்த அஞ்சு படி.

கொஞ்ச நாள்ல ஏறி மிதிச்சா 'டிக்'னு ஒரு சத்தம். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உக்கார்ற இடம்) தான்னு நினைச்சு கழட்டி கிரீஸ் போட்டேன், போகல. பெடல மாத்தினேன், போகல. சீட் போஸ்ட்ட கூட உருவி துடைச்சு போட்டேன். ஒன்றரை மாசம் இந்த கூத்து. ஒரு ஞாயித்துக்கிழமை ஈரத்துணி வச்சு துடைக்கிறப்ப, ஹெட் டியூபும் (ஹேண்டில் சொருகுற முன்குழாய்) டவுன் டியூபும் (அங்கேர்ந்து பெடல் பக்கம் இறங்குற குழாய்) சேர்ற இடத்துல, வெல்டுக்கு ரெண்டு மில்லி பின்னாடி, அடிப்பக்கமா ஒரு முடி ஒட்டியிருந்துச்சு. துடைச்சேன், போகல. நகத்தால சுரண்டினேன், நகம் மாட்டுச்சு. முடி இல்ல லா, விரிசல். டியூப் சுத்தளவுல கிட்டத்தட்ட பாதி தூரம் ஓடியிருந்துச்சு. முந்தின நாள் ராத்திரி தான் அதே சைக்கிள்ல பஸ்ஸுக்கு பின்னாடியே ஒட்டி போயிருக்கேன், நினைச்சாலே இப்பவும் வயித்த பிசையுது.

அலுமினியத்துக்கு ஒரு குணம் இருக்கு. இரும்புல ஒரு அளவுக்கு கீழ அடி விழுந்தா எத்தன தடவ விழுந்தாலும் தாங்கிக்கும். அலுமினியத்துக்கு அந்த மாதிரி ஒரு கோடு கிடையாது, சின்ன அடியும் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். அதுக்காக அலுமினியம் குப்பைன்னு சொல்லல, ரோட்டுல மட்டும் ஓட்டறவங்களுக்கு நல்ல 6061 (ஒரு அலுமினிய கலவை) ஃப்ரேம் பல வருஷம் வரும். ஆனா குதிக்கிறவன், அதுலயும் பாதி நேரம் கோணலா இறங்கறவன் (நான் தான்), 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) எடுக்கணும். அது பெரும்பாலும் முதல்ல வளையும், பெயிண்ட் சுருங்கும், உடையறதுக்கு முன்னாடி உங்களுக்கு தகவல் சொல்லும். அந்த தகவலுக்கு தான் காசு குடுக்கிறோம்.

இப்ப வச்சிருக்கிறது ட்ரிக்குக்குன்னே செஞ்ச 4130. ஃப்ரேம் மட்டும் 2.7 கிலோ, டவுன் டியூபுக்கு அடியில ஹெட் டியூப ஒட்டி ஒரு தகடு வச்சு வெல்ட் அடிச்சிருக்கும், 26 இன்ச் சக்கரம், 2.1 இன்ச் டயர். பார்ஸ்பின் (ஹேண்டில்பார முழு சுத்து சுத்தி விடற ட்ரிக்) போட்டா முன்சக்கரம் எங்கயும் இடிக்காம முழு சுத்து வரும். ஆனா ஒண்ணு, பசங்களோட லாங் ரைடு போனா நான் தான் கடைசி ஆள், மூச்சு வாங்கிட்டு வருவேன். ரெண்டுக்கும் ஒரே ஃப்ரேம்னு கேட்டா இந்த வலிய ஏதாவது ஒரு பக்கம் தாங்கித்தான் ஆகணும் தம்பி.

பிரேக் விஷயம் மறந்துட்டேன். 2021 ஜனவரில பாசிர் ரிஸ்ல பிரேக் இல்லாத சைக்கிள்ல ஒரு 13 வயசு பொண்ணு கார் பார்க் மாடியிலேர்ந்து விழுந்து இறந்துடுச்சு. அதுக்கப்புறம் 2022லேர்ந்து இங்க ஒரு ஹேண்ட் பிரேக்காவது கட்டாயம். சில டிராக் ஃபோர்க்ல (முன்சக்கரத்த பிடிக்கிற கவட்டை) பிரேக் மாட்ட ஓட்டையே இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடி அத பாருங்க. கேபிள் இருந்தா பார்ஸ்பின் போட முடியாதேன்னு அழாதீங்க, பிஎம்எக்ஸ் பசங்க செய்யற மாதிரி நடுவுல ஓட்டை போட்ட ஹெட்செட் போல்ட் வாங்கி, கேபிள ஸ்டீரர் டியூபுக்குள்ளயே (ஃபோர்க்கோட மேல் தண்டு) இறக்கி விட்டுட்டேன். எத்தன சுத்து சுத்தினாலும் முறுக்காது.

மெட்ராஸ்மிதி (சென்னை):

மாமா நீங்க 400 வெள்ளிய உடைச்சீங்க, நான் ஓசி சைக்கிள உடைச்சேன். தாத்தாவோட பழைய கருப்பு சைக்கிள். அதுல ஒரு வசதி என்னன்னா பின்சக்கரம் உக்கார்ற ஸ்லாட் பின்பக்கமா திறந்திருக்கும், வீல பின்னால இழுத்து நட்டு போட்டா செயின் டைட் ஆயிடும், டிராக் ஃப்ரேம்லயும் அதே கதை தான். இப்ப வர்ற கியர் சைக்கிள் ஃப்ரேம்ல பெரும்பாலும் ஸ்லாட் கீழ பார்த்து இருக்கும், அதுல ஃபிக்ஸி மாத்தினா செயின் தொங்கிட்டு கிடக்கும், யாராவது அந்த ஐடியால இருந்தா விட்டுடுங்க.

எங்க ஏரியா சைக்கிள் கடைக்காரர்ட்ட இத ஃபிக்ஸியா மாத்தணும்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, ஏழு நாள் கீழ இறங்காம சைக்கிள் ஓட்டி வித்தை காட்டுவானே அந்த மாதிரியான்னு கேட்டாரு, அப்புறம் மிதிக்காதப்ப சக்கரத்த தனியா சுத்த விடற ஃப்ரீவீலுக்கு ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சு குடுத்துட்டாரு. பெடல் நிக்கல, பின்னால மிதிச்சா பின்னால போகுது, எனக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டாவது வாரம் கோட்டூர்புரம் பாலம் இறக்கத்துல வேகத்த குறைக்கலாம்னு கால எதிர்ப்பக்கம் அழுத்தினேன். ஒரு செகண்ட் பிடிச்சுச்சு, அப்புறம் கால் சும்மா சுத்துது. என்ன ஆச்சுன்னா, ஃப்ரீவீல் ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) மரைல தான் மாட்டியிருக்கும், முன்னால மிதிக்க மிதிக்க அந்த மரை இறுகும், எதிர்ப்பக்கம் அழுத்தினா கழலும். வெல்டிங் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஃப்ரீவீல் மொத்தமா ஹப்லேர்ந்து கழண்டு வந்துடுச்சு. நிஜ டிராக் ஹப்ல பல்சக்கரத்துக்கு மேல இடது மரைல (எதிர்ப்பக்கம் திருப்பினா இறுகுறது) ஒரு லாக்ரிங் வரும், அது பல்சக்கரத்த கழல விடாது. அந்த ரிங் இல்லாம யாரும் கால நம்பி பிரேக் பிடிக்காதீங்க. கம்பி பிரேக்க கழட்டாம வச்சிருந்ததால தான் இன்னைக்கு இத டைப் பண்றேன்.

அந்த சைக்கிள் செத்தது வேற மாதிரி. வெள்ளை கோடு போடாத ஸ்பீட் பிரேக்கர், ராத்திரி, தெரு லைட் இல்ல. ஃபோர்க் பின்னால மடங்கி டயர் டவுன் டியூப தொட்டுச்சு. உடையல! பைப்ப விட்டு நெம்பி நிமித்தி, ரிம்முக்கு கோட்டம் எடுத்து குடுத்தாங்க, தாத்தாட்ட சொல்லவே இல்ல. ஆனா நிமித்தின ஃபோர்க்ல ஏறவே பயமா இருந்துச்சு, வீட்ல மாடிப்படி கீழ தான் கிடக்கு. மாமா சொல்ற மாதிரி இரும்பு தகவல் சொல்லும்ங்கிறது உண்மை, ஆனா சொன்னா கேக்கணும்.

ஸ்காபரோசில்லு (டொராண்டோ):

நான் உந்த ட்ரிக் ஒண்டும் செய்யிறேல்லை, எனக்கு வயசு போட்டுது. வேலைக்கு மட்டும் ஓடுறனான், மாரியிலயும் தான். இஞ்ச டவுன்டவுண் றோட்டுகளில ஸ்ட்ரீட்காரின்ர தண்டவாளம் போகுது. ஒல்லிச் சில்லு அந்த இடுக்குக்க இறங்கிச்சுதெண்டா கதை முடிஞ்சுது, ஃபிக்ஸியில பின்சில்லு சுத்திற வரைக்கும் பெடலும் சுத்தும், உடன காலை ஊண்டேலாது. நான் குயீன் றோட்டில ரெண்டு தரம் விழுந்தனான். அதுக்குப் பிறகு தான் டயர் இடைவெளியைப் பாத்து ஃப்ரேம் எடுக்கத் தொடங்கினது. சேர்லி ஸ்டீம்ரோலர் எண்டு ஒரு 4130 ஃப்ரேம், 38 மில்லிமீட்டர் டயர் வரைக்கும் போகும், பாரம் தான், ஆனா தண்டவாளத்தைக் குறுக்கறுக்கேக்க நெஞ்சு பதறாது. குறுக்கறுக்கேக்க நேராக் குறுக்கறுங்கோ, சரிச்சுப் போகாதேங்கோ.

நீங்கள் எல்லாரும் இரும்பு இரும்பு எண்டு புகழுறியள், நான் ஒண்டு சொல்லுறன். இஞ்ச பனிக்கு றோட்டில உப்புப் போடுவாங்கள். என்ர முதல் ஃப்ரேம் வெளியால பாத்தா புதுசு மாதிரி, ஒரு கீறல் இல்லை. நாலாவது மாரி முடியேக்க பாட்டம் பிராக்கெட்டைக் கழட்டினன், ஒரு சிரட்டை அளவு கறள் கொட்டுப்பட்டுது. செயின் ஸ்டேயில (பின்சில்லுக்குப் போற கீழ்க்குழாய்) ஸ்க்ரூ ட்ரைவரை மெல்லமா ஊண்டிப் பாத்தன், பொத்துக்கொண்டு உள்ளுக்க போட்டுது! உப்புத் தண்ணி சீட் டியூபால இறங்கி அடியில நிண்டு உள்ளால திண்டிருக்கு. இப்ப புது ஃப்ரேம் வாங்கின உடன உள்ளுக்க கடையில 'பொயில்ட்' எண்டு விக்கிற ஆளிவிதை எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் திருப்பி, ரெண்டு நாள் காய விட்டுத்தான் பூட்டுறனான். மனுசி குசினியில இடமில்லை எண்டு பேசுவா, அது வேற கதை.

பிஞ்சுஃபிக்ஸி (சிங்கப்பூர்):

மெசேஜ் போட்ட தம்பி நான் தான் அண்ணே. ஒருத்தர் 280 வெள்ளிக்கு முழு சைக்கிள் விக்கிறார், 4130ன்னு ஸ்டிக்கர் இருக்கு, முன்னால 48, பின்னால 16 பல்லு. பின் டயர் ஒரே ஒரு இடத்துல மட்டும் நூல் தெரியற அளவுக்கு தேஞ்சிருக்கு, மத்த இடம் புதுசு மாதிரி இருக்கு. ஃப்ரேம் கோணலா?

ஈஸ்ட்கோஸ்ட்மாமா:

டயர் தேஞ்சதுக்கு ஃப்ரேம் காரணம் இல்ல, கணக்கு தான் காரணம். 48ஐ 16ஆல வகுத்தா மீதி இல்லாம 3 வருது, அதாவது பெடல் ஒரு சுத்து வந்தா சக்கரம் சரியா மூணு சுத்து. ஸ்கிட் அடிக்கிறப்ப (பெடல பூட்டி பின்சக்கரத்த ரோட்டுல இழுத்து நிறுத்துறப்ப) கால் எப்பவும் ஒரே நிலைல தான் நிக்கும், அதனால டயர்ல எப்பவும் அதே இடம் ரோட்டுல தேயும். பின்னால 17 பல்லு போட்டா தேயற இடம் 17ஆ பிரிஞ்சிடும். 46க்கு 16ன்னா எட்டு இடம். பல்சக்கரம் மாத்த பெரிய செலவு இல்ல, இதுக்காக சைக்கிள வேணாம்னு சொல்லாத.

ஸ்டிக்கர தான் நம்பாத. முன் முக்கோணம் மட்டும் 4130 போட்டுட்டு பின்பக்கம் சாதா ஹை-டென் இரும்பு வச்சு விக்கிறது உண்டு, ஸ்டிக்கர்ல பெருசா 4130ன்னு மட்டும் இருக்கும். அந்த மாடல் பேர கேட்டு தேடிப் பாரு. அப்புறம் முக்கியமா நேர்ல போறப்ப இத செய். சைக்கிள தலைகீழா திருப்பி வை. ஹெட் டியூபுக்கு பின்னாடி, டவுன் டியூபோட அடிப்பக்கம், ஒரு நாலு விரக்கடை தூரம் கண்ண மூடிட்டு விரலால தடவு. கண்ணுக்கு தெரியாதது விரலுக்கு தெரியும். மேல டாப் டியூபுக்கு அடியிலயும் அதே மாதிரி. முன்னால எங்கயாவது மோதின சைக்கிளா இருந்தா அங்க லேசா ஒரு மடிப்பு இருக்கும், இல்ல பெயிண்ட் சுருங்கியிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருந்தா அந்த ஸ்டிக்கர் மேலயும் தடவு.

மெட்ராஸ்மிதி:

லாக்ரிங் இருக்கான்னும் பாரு தம்பி!!

பிஞ்சுஃபிக்ஸி:

போய் பார்த்தேன். லாக்ரிங் இருக்கு. நீங்க சொன்ன இடத்துல தடவினேன் அண்ணே, ஸ்டிக்கருக்கு கீழ மோதிரம் மாதிரி ஒரு மேடு, அரைச்சுத்துக்கு இருக்கு. என்னன்னு கேட்டேன், அது டிசைன்னு சொன்னார். வேணாம்னு திரும்பினா 60 வெள்ளி குறைச்சுக்கிறேன்னு சொல்றார். 220க்கு வீல் செட் மட்டுமே தேறும்ல?

ஈஸ்ட்கோஸ்ட்மாமா:

வீல் மட்டும் 120க்கு தர்றாரான்னு கேளு. ஃப்ரேம அவரே டிசைனுக்கு வச்சுக்கட்டும்.