எஞ்சின் கணினியில் 'காலிப்ரேஷன்': 'அளவுத்திருத்தம்' சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

1988-92 செவர்லே சி/கே பிக்கப்புகளின் பழுதுநீக்கக் குறிப்பைத் தமிழாக்கிய வரைவில் 'காலிப்ரேஷன்' வரும் இடமெல்லாம் 'அளவுத்திருத்தம்' என்று இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. தராசையோ வெப்பமானியையோ தெரிந்த அளவோடு ஒப்பிட்டுப் பிழை களைவதுதான் அளவுத்திருத்தம். இங்கே திருத்த ஒன்றுமில்லை. எந்த ஆர்பிஎம்மில், எந்தச் சுமையில், எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க்கை எத்தனை டிகிரி முன்னால் கொடுப்பது என்ற அட்டவணைகள்தான் காலிப்ரேஷன். ப்ராம் என்ற 4 கிலோபைட் நினைவகத்தில் எழுதி முடித்த விஷயம் அது.

1227747 எண்ணுள்ள இசிஎம், அதாவது எஞ்சின் கணினிப் பெட்டி, 4.3 லிட்டர் வி6-க்கும் 5.7 லிட்டர் வி8-க்கும் ஒன்றேதான். கனெக்டரும் அதே. உள்ளிருக்கும் ப்ராமும், கணிப்பு செயலிழந்தாலும் பெட்ரோல் கொடுக்க வைக்கும் கால்பாக் என்ற சிறு துண்டும்தான் வண்டிக்கு வண்டி வேறு. கடையில் வாங்கும் பெட்டியில் இவை இரண்டும் இருக்காது. பழையதிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். 'அளவுத்திருத்தத்தைப் பழைய பெட்டியிலிருந்து மாற்றவும்' என்று எழுதினால் எந்த மெக்கானிக்குக்குப் புரியும்? ஸ்பார்க் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் லைட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

என் முன்மொழிவு 'பதம்'. சோற்றுக்கு, பாகுக்கு, இரும்புக்கு எல்லாம் பதம் சொல்கிறோம்; எஞ்சினுக்கும் சொல்லலாம். ப்ராம் என்பது 'பதச்சில்லு'.

---

> ப்ராம் என்பது 'பதச்சில்லு'

அண்ணை, சில்லு மட்டும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் வண்டிச் சக்கரம். 'பதச்சில்லைக் கழற்றி மாட்டவும்' என்று வாகனக் குறிப்பில் எழுதினால் எங்கட ஆட்கள் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு வருவினம். 'பதநினைவகம்' என்று வைத்தால் இரு கரையிலும் குழப்பமில்லை.

---

> என் முன்மொழிவு 'பதம்'

இலக்கணம் படித்தவருக்குப் பதம் என்றால் சொல். பகுபதம், பகாப்பதம் நினைவுக்கு வரும். 'இயக்க அட்டவணை' என்றால் நேரடியாக இருக்குமே ஐயா? இன்னொன்று: வரைவில் உள்ள 'பழுதுக்குறியீடு' எனக்குப் பிடிக்கவில்லை. பழுது என்ன என்பதைச் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டுவதை எண்ணித்தான் படிக்கிறோம். 'பழுதெண்' போதும்.

---

பழுதெண் நன்று, எடுத்துக்கொள்வோம். 'இயக்க அட்டவணை' கூட்டுச்சொல்லில் உட்காராது. சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பதே சோதனை. வரைவின் அந்தப் பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"சாவியை ஆஃப் செய்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே பெட்டியில் கைவைக்கவும். பதநினைவகத்தை அதன் பிளாஸ்டிக் கூட்டோடு எடுத்து, ஓரத்துப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே திசையில் புதிய பெட்டியில் அழுத்தவும். தலைகீழாக மாட்டிச் சாவியைப் போட்டால் பதநினைவகம் எரிந்துவிடும். அடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 12 துளைக் கனெக்டரில் ஏ, பி துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைக்கவும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை ஆனில் வைக்கவும். செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இருமுறை சிமிட்டும். இது 12, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடாதபோது அப்படித்தான் இருக்கும், பழுதல்ல. மூன்று தடவை 12 வந்தபின் சேமித்த பழுதெண்கள் ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை வரும். 51 வந்தால் பதநினைவகம் கெட்டிருக்கிறது, அல்லது அதன் ஊசிக்கால் ஒன்று மடங்கிச் சரியாக உட்காரவில்லை. 52 வந்தால் கால்பாக் இல்லை."

இங்கேதான் 'பதம்' கைகொடுக்கிறது. நினைவகம் பழுதாகி 51 வருவது 'பதப்பழுது'. ஆனால் வி8-இன் ப்ராமை வி6-இல் மாட்டினால் 51 வராது. உள்ளிருக்கும் எண்களின் கூட்டுத்தொகை சரியா என்றுதான் பெட்டி பார்க்கிறது. அது இந்த வண்டிக்குரியதா என்று அதற்குத் தெரியாது. இதற்கு 'பதமாறாட்டம்' என்று பெயர் வைக்கலாம், ஆள்மாறாட்டம் போல. ப்ராமின் மேல் அச்சடித்த எழுத்துகளை வண்டியோடு ஒப்பிட்டுத்தான் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியும். 'இயக்க அட்டவணை மாறாட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

---

பதமாறாட்டம் அருமை. சந்தேகம் வரவழைக்கும் அடையாளத்தையும் அந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள். அதே கம்பித்துண்டோடு எஞ்சினை ஓடவிட்டால், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பெட்டி கேட்காத நிலையில் விளக்கு நொடிக்கு இரண்டரை முறை சிமிட்டும். கேட்கத் தொடங்கியதும் நொடிக்கு ஒருமுறை. அப்போது விளக்கு பெரும்பாலும் அணைந்தே இருந்தால் பெட்ரோல் குறைவு, எரிந்தே இருந்தால் அதிகம். அதிகம் என்பது நீடித்தால் 45, குறைவு நீடித்தால் 44. இவை வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள், பாவம் அது என்ன செய்யும். வேக்யூம் கசிவு, பெட்ரோல் அழுத்தம், மேப் சென்சார் (எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) குழாய் மூன்றையும் பார்த்து, அண்மையில் பெட்டி மாற்றிய வண்டியென்றால் பதமாறாட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'பொருத்தம்' என்ற சொல்லையும் பிரிக்க வேண்டும். வரைவில் 'பொருத்தமான இசிஎம்' என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறது. கனெக்டர் சேர்ந்தால் 'செருகுப்பொருத்தம்', எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஏற்றதானால் 'பதப்பொருத்தம்'. எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாற்றும் 700ஆர்4 கியர்பெட்டி வண்டியின் 1227747 பெட்டியை மின்னணுவால் கியர் மாற்றும் 4எல்60-ஈ வண்டிக்குப் போட முடியாது. அந்தப் பெட்டிக்குக் கியர் மாற்றவே தெரியாது. அங்கே எந்தப் பொருத்தமும் பார்க்க வேண்டாம், ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

---

ஏற்கிறேன். கால்பாக் மட்டும் மிச்சம். பெட்டியின் கணிப்பு செயலிழந்தாலும் வண்டி தட்டுத்தடுமாறி வீடு சேரும் அளவுக்குப் பெட்ரோல் கொடுக்க வைப்பது அது. 'காப்புப்பதம்' என்று போட்டுவிடட்டுமா?

---

போடுங்கள்.