கண்ணாடியிலிருந்து நான் சுரண்டிய லேபிள்

பழைய சைட்காரன்:

வாசலில் கிரீன் மார்க் பிளாட்டினம் தகடு (சிங்கப்பூரின் பசுமைக் கட்டடச் சான்றிதழில் உயர்ந்த தரம்) மாட்டியிருக்கும் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்ல மாட்டேன். அப்போது அரசுப் பணத்தில் கட்டும்போது, குளிரூட்டும் பரப்பு 5,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பிளாட்டினம் வாங்கியே தீர வேண்டும் என்று விதி இருந்தது. நான் அங்கே கண்ணாடி பொருத்திய துணை ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளனாக இருந்தேன்.

மேற்குச் சுவருக்கு வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி வரவேண்டும். மூன்றாம் மாடிக்கு வந்தவற்றில் ஒரு வரிசை வேறு ரகம். நிறம் ஒன்றுதான், லேபிளில் இருந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. ஒப்பந்தக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மாற்ற வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும். லேபிளை எடுத்துவிடு" என்றார்.

எடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் சுரண்டியபோது தாள் வந்துவிட்டது, பசை வரவில்லை. தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தேன். அன்று மதியம் சோற்றைப் பிசைந்தபோது விரலெல்லாம் தின்னர் வாடை.

இப்போது மாடி பஸ்ஸில் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதே வரிசையில் ஒரு ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து உள்பக்கமாக ஒட்டியிருக்கிறார்கள்.

ஈசூன்வாசி:

என் கதையில் குற்றம் செய்தவன் நானேதான். ஈசூனில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே சலுகைக் கட்டண வார்டுகளில் குளிரூட்டி கிடையாது. வெளிச்சுவரில் இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள் வீசுகிற காற்றை வாரி உள்ளே திருப்பிவிடும்.

அம்மாவைச் சேர்த்தபோது, கையில் காசு இருக்கிறதே என்று குளிரூட்டிய அறை கேட்டு வாங்கினேன். இரவு முழுவதும் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே படுத்திருந்தார். அவரைப் பார்க்க அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வார்டில் கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை அசைந்துகொண்டிருந்தது. அம்மா முகத்தைத் தூக்கிக் காற்றில் காட்டியபடி, "என்னையும் இங்கேயே படுக்க வைக்கக் கூடாதா, தம்பி?" என்று கேட்டார்.

"அது மலிவு வார்டு அம்மா" என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்று அம்மா இல்லை.

குளிர்நீர்ப் பொறியாளர்:

சைட்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, பசுமைத் தரமெல்லாம் தகட்டோடு சரி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கிரீன் மார்க் 2005இல் தொடங்கியபோது விரும்பியவர்கள்தான் வாங்கினார்கள். 2008இல், 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள எந்தப் புதுக் கட்டடமும் தப்ப முடியாது என்று விதி வந்தது. கட்டடத்தின் குளிரூட்டிகளுக்கு நீரைக் குளிர்வித்து அனுப்பும் குளிர்நீர் நிலையத்தில் அளவுமானிகள் நிரந்தரமாக இருந்தாக வேண்டும், தணிக்கையும் உண்டு.

ஒரு முறை தணிக்கைக்குப் போன இடத்தில் உள்ளே வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கில், எப்படிப் போட்டாலும் வித்தியாசம் ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கவில்லை. இரண்டு நாள் தேடினோம். வெப்பநிலை அளக்கும் ஓர் உணரி குழாயினுள் இல்லாமல் வெளியே காப்புறைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கு என்ற ஒன்று இருந்ததால்தான் அது அகப்பட்டது.

அதனால் அண்ணனுக்குச் சொல்கிறேன், மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் அது தவறான கண்ணாடிதானா, பிறகு மாற்றிவிட்டார்களா என்று உறுதிப்படுத்துங்கள். ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். இரட்டைக் கண்ணாடியின் முன் ஒரு சிறு விளக்கைப் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நான்கு பரப்பு, ஆகவே நான்கு பிம்பம் தெரியும். பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். பூச்சு இருந்தும் சூடு வருகிறதென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. விநியோகச் சீட்டின் நகல், படம், தேதி எது கையில் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். வெளிச்சுவர் வழியே வெப்பம் எவ்வளவு வரலாம் என்ற கணக்கில் சதுர மீட்டருக்கு 50 வாட் என்பது அப்போது உச்சவரம்பு. பிளாட்டினத்துக்கு அதைவிட நன்றாகக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். கண்ணாடி மாறினால் அந்தத் தாளில் உள்ள எண்ணே பொய். இதைக் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வெளியே நிழல் தகடு, உள்ளே ஒட்டும் படலம் என்று இப்போதும் சரிசெய்ய வழி இருக்கிறது.

பொங்கோல் அக்கா:

பொறியாளர் தம்பி, அவர் உங்களிடம் ஆலோசனை கேட்கவில்லையே. ஒரு மனிதர் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்கிறார், நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். ஈசூன்வாசி, அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துத்தானே செய்தீர்கள், அதையே நினைத்து வருந்தாதீர்கள்.

நான் இருப்பது பொங்கோலில் உள்ள டிரீலாட்ஜில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய முதல் பசுமைக் குடியிருப்பு. சேமித்த மழைநீரில்தான் இங்கே தாழ்வாரம் கழுவுவார்கள். என் மாமனார் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். குழாயிலிருந்து சீறிக்கொண்டு வந்தது மழைத்தண்ணீர் என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். துப்புரவு செய்த பையன் அவர் நகரும்வரை காத்திருந்தான்.

பழைய சைட்காரன்:

பொறியாளர் தம்பி சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏதோ படிவம் கேட்கிற சாக்கில் மூன்றாம் மாடியில் எண் எடுத்து உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி. அட்டை ஒட்டிய ஜன்னலருகே ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், மேசையில் கையளவு மின்விசிறி. அரசு அலுவலகங்களில் 25 டிகிரிக்குக் கீழே குளிரை இறக்கக் கூடாது என்று 2021இல் வந்த விதியை அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த நாற்காலிக்கு மட்டும் அது போதவில்லை. அட்டை எதற்கு என்று கேட்டேன். "இரண்டு மணிக்கு மேல் தோள் எரிகிறது, அங்கிள்" என்றார்.

பக்கத்து ஜன்னலில் அட்டை இல்லை. கைப்பேசி விளக்கைப் போட்டுக் கண்ணாடியருகே பிடித்தேன்.

நான்கு புள்ளி. நான்கும் ஒரே வெள்ளை.

விநியோகச் சீட்டின் நகலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய பெட்டி ஒன்று மனைவியின் தங்கை வீட்டில் இருக்கிறது.