புதுப்பிப்பு: ஓவர்டிரைவ் பெடல் வழிக்கு வந்துவிட்டது

டியூப் ஸ்க்ரீமரை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல்) மாட்டினால் கிட்டார் தேனீக்கூடு மாதிரி இரைகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். டிரைவை, அதாவது கரகரப்பின் அளவைக் குறைக்கச் சொன்னீர்கள், அதுதான் சரி. நேற்று பெங்களூரு அல்சூரில் நண்பன் வீட்டு மாடியில், அவனுடைய வால்வு ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி) போட்டுப் பார்த்தோம். குமிழ்களின் நிலை, கடிகார முள் கணக்கில்: டிரைவ் 9 மணி, லெவல் (வெளிவரும் ஒலியளவு) 3 மணி. பெடல் ஒலியைக் கொஞ்சம்தான் கரகரப்பாக்குகிறது. மீதியை வால்வுகளே பார்த்துக்கொள்கின்றன.

ஒலியின் கூர்மையை மாற்றும் டோன் குமிழுக்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது. இந்தப் பெடல் பாஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்து, 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடு ஒலியைத் தூக்கும். அதனால் ஆம்ப்பில் நடு ஒலிக்கான மிடில் குமிழைச் சற்று இறக்கி, டோனை 11 மணிக்குத் திருப்பினேன். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. என்ன அழகு!

அப்புறம், வீட்டிலிருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு (வால்வு இல்லாதது) இந்த அளவுகள் ஒத்துவரவில்லை. அங்கே டிரைவ் 12 மணி, லெவல் பாதி.